தராசுக்காரன் கடிதம்

கோவில்பட்டி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரி போடவில்லை என்று திட்டியிருப்பாய். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் புகுந்து கதையைச் சுருட்டி வேறு பக்கம் திருப்பிவிடுவாய். இதை முழுசாகச் சொல்லணும் எனக்கு.

நிலக்கடலைக் கமிஷன் கடையில் 35 வருஷம் தராசு பிடித்தவன் நான். மூட்டையில் கை வைத்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்வேன். முதலாளியின் பெருவிரலையும் கழித்துக் கணக்குப் பார்த்தவன். அப்பேர்ப்பட்டவனை 8 கிலோ உருப்படி ஒன்று ஆறு மாசமாக ஆட்டி வைத்துவிட்டது. வேறு யார், பேத்தி யாழினிதான்.

கவிதா காலையில் எட்டு மணி பஸ்ஸுக்குத் திருநெல்வேலி போனால் திரும்பி வர ராத்திரி ஏழரை. மாப்பிள்ளை கப்பலில். ஆக, பிள்ளைக்கு நானும் பாக்கியமும்தான். பிறக்கும்போது 2.6 கிலோ. ஒரு வயசில் 7.8. மூன்று மடங்கு, சரியான கணக்கு, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கப்புறம் சோற்றுக் கிண்ணத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்ப ஆரம்பித்தாள். 20-வது மாசம் நிறுத்துப் பார்த்தால் 8.2. எட்டு மாசத்தில் வெறும் நானூறு கிராம்! அதே சமயத்தில் எதிர்வீட்டுப் பயல் கன்னம் கன்னமாக இருக்கிறான். அவன் ஆச்சி தினமும் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நம் வாசலில் நின்று, "பாப்பா ஏன் இப்படி வத்திப் போச்சு?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாக்கியம் கோலம் போடுவதை இருட்டோடு முடித்துவிடுவாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கினேன். சிரிக்காதே. காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, நோட்டில் தேதி போட்டு எழுதினேன். ஒருநாள் பால் குடித்ததும் நிறுத்தேன், இருநூறு கிராம் ஏறியிருந்தது. கவிதாவுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அரைமணியில் என் மடியிலேயே மூத்திரம் போனாள், ஏறினது பூராவும் இறங்கிவிட்டது. நனைச்ச மூட்டையைக் கண்டுபிடித்து எத்தனை பேரை விரட்டியிருப்போம், சொந்தப் பேத்தியிடம் ஏமாந்தேன்.

பாக்கியம் தன் பங்குக்குக் கழுகுமலைப் பக்கம் கூட்டிப்போய்த் தொக்கம் எடுத்துவிட்டு வந்தாள். எனக்குச் சொல்லாமல். அந்த அம்மா பிள்ளை வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி ஒரு சோற்றுப் பருக்கையைத் துப்பிக் காட்டினாளாம். "நாலு மாசத்துச் சோறுங்க, குடலோட ஒட்டிக் கிடந்துச்சு" என்றாளாம். சோறே தின்னாத பிள்ளை வயிற்றில் சோறு எங்கேயிருந்து ஒட்டும் என்று கேட்டேன். ரெண்டு நாள் எனக்குக் காப்பி கிடையாது.

இனிமேல் சொல்லப்போவதைக் கவிதாவிடம்கூட நான் சொல்லவில்லை.

ஒருநாள் ராத்திரி பருப்புச்சோறு பிசைந்து ஒரு மணி நேரமாகப் போராடினோம். செல்போனில் பாட்டுப் போட்டோம், தெருவில் நடந்தோம், நாயைக் காட்டினோம். வாயைத் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. அவளை மடியில் மல்லாத்தி ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டேன், பாக்கியம் ஊட்டினாள். நாலு வாய் போயிற்று. ஐந்தாவது வாயில் புரையேறி, மொத்தத்தையும் கக்கிவிட்டாள். கண் மேலே சொருகின மாதிரி இருந்தது எனக்கு. ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது, ஆனால் முத்து, அந்த ஒரு நிமிஷத்தை இன்னும் நான் தாண்டவில்லை. மறுநாள் காலையில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ரெண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் கையில் கிண்ணம்கூட இல்லை.

அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியில் அங்கன்வாடி டீச்சரம்மாவைப் பார்த்தேன். எடை அட்டையை வாங்கிப் புள்ளி வைத்தாள். பச்சையில் இருந்த பிள்ளை மஞ்சளில் இறங்கியிருந்தாள். "அண்ணாச்சி, எதிர்வீட்டுப் பிள்ளையப் பார்க்காதீங்க. இவ கோடு எந்தப் பக்கம் போவுதுன்னு பாருங்க. மாசம் ஒரு தடவை போதும்" என்றாள். எனக்கு உன் அக்கா ஞாபகம் வந்துவிட்டது. 1980-ல் மதுரைப் பக்கம் உலக வங்கிக் காசில் ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பித்தபோது, மாசாமாசம் குழந்தைகளை நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் மாவு கொடுப்பார்கள் என்று அக்கா சொல்லும். "ஒன் அக்காவும் நம்ம தொழில்தான்லே" என்று கேலி செய்தோமே. கேலி செய்தவன்தான் நாளைக்கு ரெண்டு தடவை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கவிதாவைவிடச் சின்னவள். என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அதற்கே அவளுக்குக் கோயில் கட்டலாம். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா, வயிற்றால் போகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மண்ணு, சுவர் எதாவது திங்குதா?" என்றாள். பின்கட்டுச் சுவரில் சுண்ணாம்பைப் பேர்த்துத் தின்றதற்குப் பாக்கியம் எத்தனை அடி போட்டிருக்கிறாள்! உடனே ரத்தம் எடுக்கச் சொன்னாள். ஹீமோகுளோபின் 8.4. இந்த வயசுக்கு 11-க்குக் குறையக்கூடாதாம். இரும்புச்சத்து இல்லாமல் போனால் பசியே எடுக்காதாம், பசி எடுக்காவிட்டால் இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? பூச்சி மாத்திரையும் கொடுக்கவில்லை நாங்கள். பிப்ரவரி 10-ந் தேதி அங்கன்வாடியில் கொடுத்தபோது காய்ச்சல் என்று விட்டது, விட்டதுதான். ரெண்டு வயசுக்குள் அரை மாத்திரை என்று இப்போது பொடித்துக் கொடுத்தார்கள்.

அப்புறம் கேட்டாள், "பால் எவ்வளவு குடிக்கும்?"

பாக்கியம் பெருமையாகச் சொன்னாள், "பாலுக்குக் கொறையே இல்ல டாக்டர், அஞ்சு பாட்டில்." ஒரு பாட்டில் 200 மில்லி. ஆக ஒரு லிட்டர். பாலில் இரும்புச்சத்து அநேகமாகக் கிடையாது, சோற்றில் இருப்பதையும் உடம்பில் சேரவிடாது, நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றாள் டாக்டர். எனக்கு ஒரு சந்தேகம். ஒரு லிட்டர் பால் குடித்தால் இரும்பு சேராமல் போகலாம், எடை ஏன் ஏறவில்லை? வீட்டுக்கு வந்து காகிதத்தை எடுத்தேன். இந்த வயசுக்கு நாளைக்கு ஏறக்குறைய ஆயிரம் கலோரி வேணும். ஒரு லிட்டர் பாலிலேயே அறுநூற்றுக்கு மேல் வந்துவிடுகிறது. கணக்கு உதைத்தது. நம்ம கணக்குப்பிள்ளை சொல்வாரே, "கணக்கு ஒதைச்சா எவன் கையோ உள்ள இருக்கு"ன்னு.

கை பாக்கியத்தின் கைதான். "கெட்டிப்பால் பச்சப்புள்ளைக்குச் செரிக்காது" என்று பாதிக்குப் பாதி தண்ணீர்! பால்காரக் கோனாரை லாக்டோமீட்டர் வைத்து மடக்கியவன் நான், என் அடுப்படியிலேயே தண்ணீர் ஓடியிருக்கிறது. ஐந்து பாட்டில் போக மிச்சம் கிடைக்கிற இடத்தில் ரெண்டு பிஸ்கட், அது ஊறினதும் வயிறு நிறைந்துவிட்டது. பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்? முழுசாக உன் மதினியைக் குற்றம் சொல்லமுடியாது. ஐந்தில் மூன்று பாட்டில் நான் கொடுத்ததுதான். அழுகை நிற்கிறதே என்று.

இப்போது பாட்டிலே கிடையாது. தண்ணீர் கலக்காத பால், டம்ளரில், ரெண்டு வேளை, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். முதல் மூன்று ராத்திரி தெருவே தூங்கவில்லை. இரும்பு மருந்து கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தாள் டாக்டர், இல்லாவிட்டால் பாக்கியம் மறுபடி கழுகுமலைக்கு பஸ் ஏறியிருப்பாள். மருந்தைப் பாலோடு கொடுக்கக்கூடாது. ரத்தம் ஏறின பிறகும் ரெண்டு மூன்று மாசம் விடாமல் கொடுக்கணுமாம்.

டாக்டர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குச் செரிக்க நாளாயிற்று. "என்ன சாப்பாடு, எந்த நேரம், இதெல்லாம் நீங்க முடிவு பண்ணுங்க. எவ்வளவுங்கறத அவ முடிவு பண்ணட்டும். அரைமணி நேரம், அப்புறம் தட்டை எடுத்துடுங்க. இடையில எதுவும் கிடையாது." அதெப்படி? அளவு என் தொழில் அல்லவா! அரைக் கரண்டி தின்றுவிட்டு எழுந்தால் விட்டுவிடுவதா? ஒரு வயசுக்கு மேல் பிள்ளைகள் வளர்கிற வேகமே குறைந்துவிடும், ரெண்டாவது வருஷம் பூராவும் ரெண்டு ரெண்டரைக் கிலோ ஏறினால் போதும், அதனால் கைப்பிள்ளையாக இருந்தபோது காட்டின ஆவலைக் காட்டமாட்டார்கள் என்று விளக்கினாள். எனக்கு அது தெரியாது. 7.8-ஐப் பார்த்துவிட்டு, ரெண்டு வயசில் பதினைந்து ஆகிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ரெண்டாவது வாரம் ஒருநாள் காலையில் நான் என்பாட்டுக்கு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். கடலைச் சட்னி. வந்து என் தொடையில் கையை ஊன்றி நின்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் ஓடிவிடுவாள் என்று பயம். என் தட்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்துச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. பாக்கியம் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றவள் நின்றவள்தான். சட்னியில் மிளகாய் இருக்கிறதே என்று நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

35 வருஷம் கடலைக்குள்ளேயே கிடந்தவனுக்குக் கடலை ஞாபகம் வரவில்லை பார். ரசத்தைத் தண்ணீராக ஊற்றி ஊட்டிக்கொண்டிருந்தோம். நூறு கிராம் கடலையில் ஐந்நூறு கலோரிக்கு மேலே, 25 கிராம் புரதம். இருக்கிறதே கைமுட்டி அளவு வயிறு, அதில் போகிற ஒவ்வொரு வாயும் கனமாகப் போகணும். இப்போது இட்லிக்குக் கடலைப்பொடி, மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், அதுவே 45 கலோரி. மத்தியானம் கீரையும் பருப்பும் நெய்யும், கடைசியில் துளி எலுமிச்சம்பழம், இரும்பு உடம்பில் சேர அது உதவுமாம். சாயந்திரம் முட்டை, இல்லை வாழைப்பழம். நெத்திலியை முள் எடுத்துக் கொடுத்தால் தட்டை நக்குகிறாள், கவிதாவின் பிள்ளைதான். ஒன்று மட்டும் உன் வீட்டிலும் சொல்லிவை. முழுக்கடலையை இந்த வயசில் கையில் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். உன் பேரன் பெட்டியிலிருந்து அள்ளுவதைப் போன தடவை பார்த்தேன், அப்போது எனக்கும் விவரம் போதாது. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம ஊர் கடலைமிட்டாயும் அவளுக்கு இன்னும் கிடையாது. நான் தின்னும்போது ஒளித்துத் தின்கிறேன்.

ஏழு வாரம் ஆகிறது. போன வாரம் டாக்டர் வீட்டுத் தராசில் 8.65. ரத்தம் 9.8. சுவர்ப்பக்கம் போவதில்லை. சந்தோஷப்பட்டு முடிக்கவில்லை, சளி பிடித்து மறுபடி ரெண்டு நாள் தட்டைத் தள்ளினாள். எனக்குப் பழையபடி கை பரபரத்தது. பாக்கியம் புரிந்துகொண்டு தராசைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். "பத்தாந்தேதி அங்கன்வாடியில நிறுத்தா போதும், அதுவரைக்கும் நீங்க தொட்டீங்கன்னா தெரியும்" என்கிறாள். ஏணி எதிர்வீட்டில் இருக்கிறது. அந்த ஆச்சியிடம் போய்க் கேட்கவேண்டுமே என்றுதான் சும்மா இருக்கிறேன்.

அக்காவிடம் அந்தக் காலத்து மாவு என்னென்ன சேர்த்து அரைப்பார்கள் என்று கேட்டு எழுது. அளவோடு கேள்.

உன்
வேலு