வாய்ப்பாட்டை வெளியே அனுப்பும் முன்

பாடத்திட்டம் வகுப்போருக்கும் வினாத்தாள் அமைப்போருக்கும் வணக்கம்.

31 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். பாடத்திட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் அதன் முன்னுரையில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: மனப்பாடச் சுமை குறைக்கப்பட்டு, சிந்திக்கும் திறனுக்கு முன்னுரிமை தரப்பட்டுள்ளது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு பாதி கைதட்டுகிறது, மறுபாதி பதறுகிறது.

கைதட்டும் பாதியின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குற்றவாளி நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிதாகரஸ் தேற்றத்தின் நிரூபணத்தை வகுப்பு முழுவதையும் உருப்போட வைத்தேன். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வார்கள், அப்படி ஒரு பெருமை எனக்கு. தேர்வில் முக்கோணத்துக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்காமல் பி, க்யூ, ஆர் என்று வைத்துவிட்டார் வினாத்தாள் அமைத்தவர். பாதிப் பேருக்கு மேல் ஏ, பி, சி முக்கோணத்துக்கே படம் போட்டு, அடிபிறழாமல் நிரூபித்துவிட்டு வந்தார்கள். ஒரு பையன் மட்டும் வெளியே வந்ததும் என்னைத் தேடிப் பிடித்து, "சார், வினாத்தாளில் அச்சுப்பிழை" என்றான். நான்கைந்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நெட்டுரு என்றால் என்ன என்று யாரும் எனக்கு வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இனி பதறும் பாதி.

காலம் மாறியது. வாய்ப்பாடு ஒப்பிப்பது கட்டுப்பெட்டித்தனம் என்று ஆயிற்று. சூடு கண்ட பூனையாக நானும் அதை விட்டுவிட்டேன். அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தும் பாடம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் 13 எக்ஸ் கூட்டல் 42 என்று பலகையில் எழுதியிருந்தேன். பெருக்கினால் 42, கூட்டினால் 13 வரும் இரண்டு எண்களைத் தேட வேண்டும் என்பது அவளுக்குப் பளிச்சென்று புரிந்திருந்தது. பக்கத்துப் பெண்ணுக்கு என்னைவிட நன்றாக விளக்கிக்கொண்டிருந்தாள். ஆனால் தேட ஆரம்பித்ததும் சிக்கினாள். இரண்டால் வகுத்தாள், மூன்றால் வகுத்தாள், விரல் விட்டாள், ஓரத்தில் கிறுக்கினாள். ஆறும் ஏழும் கைக்கு வந்து சேர்ந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "இதை எதுக்கு சார் தேடினேன்?"

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைக்கிறது. அவளுக்குப் புத்தி குறைவில்லை. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திப் பிடிக்கக்கூடியவை எல்லோருக்குமே கொஞ்சம்தான். ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதையும் குறைத்து நான்கு என்கிறார்கள். அந்த நான்கு விரல் இடத்தில் ஒருத்தி 42ஐ வகுத்துக்கொண்டும் இருக்க வேண்டும், எதற்காக வகுக்கிறோம் என்பதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றால் எது வழுக்கி விழும்? நோக்கம்தான் விழும். ஆறேழு நாற்பத்திரண்டு என்பது நாக்கு நுனியில் இருப்பவளுக்கு அந்த இடம் முழுக்கக் காலியாக இருக்கிறது, யோசிப்பதற்கு.

சதுரங்கம் ஆடுவோரிடம் சேஸ், சைமன் என்ற இருவர் நடத்திய சோதனை 1973இல் வெளிவந்தது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் பலகை இருந்த நிலையை 5 விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். நினைவிலிருந்து காய்களை அடுக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பகுதியை அடுக்கிவிட்டார். கற்றுக்குட்டியால் நான்கைந்து காய்களுக்கு மேல் முடியவில்லை. அடுத்து, காய்களைக் கன்னாபின்னாவென்று இறைத்துவிட்டுக் காட்டினார்கள். இப்போது தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்குத் தனியாக ஒரு பெரிய ஞாபகப் பெட்டி இல்லை. பழைய ஆட்டங்கள் அவர் கண்ணுக்குள் குடியேறியிருந்தன. மற்றவர் காய்களைப் பார்த்த இடத்தில் அவர் கோட்டையையும் முற்றுகையையும் பார்த்தார். நாம் அவருடைய சிந்தனைத் திறன் என்று வியப்பதில் முக்கால்வாசி இந்த நினைவுதான்.

நீங்கள் நினைவை ஒரு பக்கமும் சிந்தனையை மறுபக்கமும் தராசில் வைக்கிறீர்கள். நேற்று ஒரு பிள்ளைக்குப் புரிந்த பாடம் இன்று காலை எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். புரிதலும் நினைவில்தான் தங்கியாக வேண்டும், வேறு இடம் கிடையாது.

கைபேசியில் எல்லாம் இருக்கிறதே என்று உங்கள் கூட்டங்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார். இருக்கிறது. 42 என்று தட்டினால் அதன் காரணிகள் வரிசையாக வரும். ஆனால் தட்ட வேண்டும் என்று நமக்குத் தோன்ற வேண்டுமே. நினைவின் சிறப்பே அது கூப்பிடாமல் வருவதுதான். எங்கோ ஒரு முகத்தைப் பார்த்ததும் வேறொரு முகம் வருகிறது. ஒரு கணக்கைப் பார்த்ததும் என்றோ போட்ட இன்னொரு கணக்கு வந்து தோளைத் தட்டுகிறது. பொய் சொல்ல வாயெடுக்கும்போது யாரோ முன்பு நம்மை நம்பியது நினைவுக்கு வந்து நாக்கைக் கட்டிவிடுகிறது. கைபேசி நன்றாகப் பதில் சொல்லும். கேள்வியை நம் கையில் தந்துவிட்டுக் காத்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூளைக்குள் ஹிப்போகாம்பஸ் என்று சுண்டுவிரல் அளவில் ஒரு பகுதி, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. அது பழுதானால் புதிதாக நடப்பவை மனத்தில் தங்காது. வலிப்பு நோய்க்காக 1953இல் அந்தப் பகுதியை அகற்றிக்கொண்ட ஹென்றி மொலெய்சன், 2008இல் இறக்கும் வரை, சற்றுமுன் சந்தித்தவரையே புதிதாகச் சந்தித்துக்கொண்டிருந்தார். இது பலருக்கும் தெரிந்த செய்தி. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்தப் பகுதி பழுதான சிலரிடம் கடந்ததைப் பற்றிக் கேட்காமல், "அழகான கடற்கரை ஒன்றில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள்" என்பது போலக் கேட்டார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. துண்டு துண்டாக ஏதோ சொன்னார்கள், காட்சியாகக் கூடிவரவில்லை. நாளையை நாம் நேற்றின் துணியில்தான் தைத்துக்கொள்கிறோம் போலும். கற்பனைத் திறனை வளர்க்க வேண்டும் என்று எழுதும் அதே பக்கத்தில் மனப்பாடத்தைக் குப்பை என்று எழுதும்போது இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். பழையபடி பிரம்போடு ஒப்பிக்க வைப்பதா? இல்லை. நினைவில் நிற்க வைப்பதற்கு நாம் வைத்திருக்கும் முறைதான் மகா மோசம், அதை மாற்றுங்கள் என்கிறேன்.

ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே உருப்போட்டுத் தன் மறதியைத் தானே அளந்தவர். மனிதர் எவ்வளவு பொறுமைசாலி என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 1885இல் வெளியிட்ட நூலில் அவர் சொல்கிறார்: ஒரே மூச்சில் 68 முறை படித்து அடைந்த பலனை, மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 முறையிலேயே அடைந்தேன். இது தெரிந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. நம் பாடநூல்களோ இன்றும் ஓர் இயலை முடித்தால் தலைமுழுகிவிட்டு அடுத்த இயலுக்குப் போகின்றன. ஜூனில் நடத்திய பின்னம் மார்ச்சில் தேர்வுக்கு முந்தைய இரவில்தான் மறுபடி தலைகாட்டுகிறது. அந்த ஓர் இரவில் 68 முறை படிக்கிற பிள்ளையைப் பார்த்து, மனப்பாடம் செய்கிறான் என்று நாமே குறையும் சொல்கிறோம்.

அவர் கண்ட இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடிக்கும். படித்து 31 நாள் கழித்து, எல்லாம் கரைந்துபோன நிலையில், அதே பட்டியலை மறுபடி படித்தார். முதல் முறைக்கு ஆன உழைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிச்சமாயிற்று. மறந்தது முழுக்கப் போய்விடவில்லை, அடியில் ஈரம் இருந்திருக்கிறது. "போன வருஷம் நடத்தினேனே, மறந்துட்டியா?" என்று நான் எத்தனை பிள்ளைகளைக் கடிந்திருப்பேன்! மறந்த பாடத்தைத் திரும்ப எடுப்பது வீண் வேலை இல்லை, அதுதான் வேலையே. ஒவ்வோர் இயலின் பயிற்சியிலும் முன்பு நடத்திய இயல்களிலிருந்து நான்கு கணக்கு கலந்து வையுங்கள். இதற்குப் பணம் காசு எதுவும் வேண்டாம், அச்சுக் கோப்பவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், அவ்வளவே.

அடுத்தது தேர்வு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் உரைநடைப் பகுதி ஒன்றைப் படித்தார்கள். ஒரு பிரிவு அதையே மறுபடி மறுபடி படித்தது. இன்னொரு பிரிவு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61. ஞாபகத்திலிருந்து எடுக்க எடுக்கத்தான் ஞாபகம் உறுதிப்படுகிறது. தேர்வு என்பது அளவுகோல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவே பாடம் நடத்துகிறது. அப்படியிருக்க, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, பயமுறுத்தும் மதிப்பெண்களோடு மட்டும் அதை வைப்பானேன்? வாரம் இருமுறை, ஐந்து நிமிடம், மதிப்பெண்ணே இல்லாமல், நோட்டை மூடிவைத்து எழுதிப் பார்க்கட்டும். பெற்றோருக்குத் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

வினாத்தாள் அமைப்போரிடம் தனியாக ஒன்று. அதற்கு அந்த அச்சுப்பிழைப் பையனிடம் திரும்ப வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவனைப் பார்த்தேன். தலையில் நரை, கையில் குழந்தை. பழைய கதையெல்லாம் பேசினோம். அந்த முக்கோணத்தையும் அவனே எடுத்தான். "நீங்க எவ்வளவு நல்லவர் சார். நாங்க எல்லாம் அழுதுட்டு வந்து நின்னப்போ, விடுங்கடா, வினாத்தாளில் அச்சுப்பிழைன்னு சொல்லித் தேத்தினீங்களே" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நினைவில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்திருக்கிறது! அவன் பொய் சொல்லவில்லை, முகத்தில் அவ்வளவு அன்பு. நானும் பொய் சொல்லவில்லை. இந்த மடலின் தொடக்கத்தில் அந்தக் கதையை எவ்வளவு திடமாக எழுதினேன், பாருங்கள். அன்று முதல் அந்தத் திடம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1974இல் இதைச் சோதித்துக் காட்டினார். கார் விபத்துப் படம் ஒன்றைப் பலருக்குப் போட்டுக் காட்டி, வேகம் என்ன என்று கேட்டார்கள். 50 பேரிடம் கார்கள் "மோதியபோது" என்றும், வேறு 50 பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதல் பிரிவில் 7 பேரும் இரண்டாம் பிரிவில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. நினைவைக் கல்லில் எழுத்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது ஈரக் களிமண்ணுக்குத்தான் நெருக்கம். எடுக்கும் ஒவ்வொரு முறையும் விரல் ரேகை பதிந்துவிடுகிறது.

இப்போது உங்கள் பலவுள் தெரிவு வினாக்களைப் பாருங்கள். ஒரு சரியான விடைக்கு மூன்று தவறான விடைகள். தவறானவை சரியானது போலவே தோன்ற வேண்டும் என்று மெனக்கெட்டுச் செதுக்குகிறீர்கள். பிள்ளை அதில் ஒன்றைத் தேர்ந்து, ஆம் இதுதான் என்று முடிவு கட்டி வட்டமிடுகிறாள். அன்று அவள் ஒரு மதிப்பெண்ணை மட்டும் இழக்கவில்லை, ஒரு பொய்யை மனத்தில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். இப்படித் தேர்ந்த தவறுகள் பிற்பாடு தெரிவுகள் எதுவும் தராமல் கேட்டாலும் விடையாக எழுந்து வருவதை ரோடிகரும் எலிசபெத் மார்ஷும் 2005இல் காட்டியிருக்கிறார்கள். உடனே சரியான விடையைச் சொல்லித் திருத்தினால் பெருமளவு சரியாகிவிடுகிறது. நம் பொதுத் தேர்வுகளில் பெரும்பாலும் விடைத்தாள் போனது போனதுதான். பிள்ளைக்குத் திரும்பி வருவது ஓர் எண் மட்டும்.

ஆகவே ஒரே ஒரு பாடவேளை கேட்கிறேன். ஒவ்வொரு தேர்வு முடிந்த மறுநாளும், வேறெதற்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற குறிப்போடு, கால அட்டவணையிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஏன் தவறினோம் என்று ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கட்டும். எனக்கு அன்று அப்படி ஒரு வேளை கிடைத்திருந்தால் அந்த முக்கோணத்தை ஏ, பி, சி என்றும், பி, க்யூ, ஆர் என்றும், பெயரே இல்லாமலும் வரைந்து காட்டியிருப்பேன். அச்சுப்பிழை என்று சொன்னது யார் என்பதிலும் எங்கள் இருவருக்கும் ஒரே நினைவு இருந்திருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர்