இரண்டு புதர்ச் செடியும் எட்டாம் நம்பர் நெல்லும்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தேன். போன வருஷத்து வீரிய ஒட்டுத் தக்காளியில் நீயே விதை எடுத்து எட்டுச் செடி வைத்திருக்கிறாய். ஆறு கயிற்றைப் பிடித்து ஏறுகிறது. இரண்டு மட்டும் இடுப்புக்குக் கீழேயே புதராக நின்றுவிட்டது. "எனக்குக் கைராசி இல்லப்பா" என்கிறாய். கைராசிக்கு ஒரு குறையும் இல்லை, அது நோயும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினாயே, அதுதான் இப்போது உன் மொட்டைமாடியில் நிற்கிறது. எனக்கு அந்தப் பெயர்கள் மேல் பழைய கோபம் உண்டு. ஓங்கு என்றதும் பலசாலி, ஒடுங்கு என்றதும் நோஞ்சான் என்று மனசில் விழுந்துவிடுகிறது. நம் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சோறு போட்டது ஒடுங்கு பண்புதான்.

உன் தாத்தா ஐ.ஆர். எட்டு நெல் போட்ட கதை உனக்குத் தெரியும். அது பிறந்த கதையைச் சொன்னதில்லை. அப்போது இருந்ததெல்லாம் நெட்டை நெல். உரம் கொஞ்சம் கூடினால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். 1962-ல் பிலிப்பைன்ஸில், லாஸ் பானோஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் ஜென்னிங்ஸ் என்பவர் ரகத்தோடு ரகம் சேர்த்து 38 ஒட்டுகள் கட்டினார். அதில் எட்டாவது, இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டாவையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் சேர்த்தது. முளைத்த முதல் தலைமுறை அத்தனையும் நெட்டை! குட்டை போன இடம் தெரியவில்லை. அந்த நெட்டைகளிலேயே விதை எடுத்து மறுபடி விதைத்தார்கள். நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் குட்டை திரும்பி வந்தது. நெட்டைகளைக் கழித்துவிட்டுக் குட்டைகளிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி 1966-ல் வெளியிட்டதுதான் ஐ.ஆர். எட்டு. (சோறு ஆறினால் விறைத்துப்போகும் என்று உன் ஆத்தா கடைசிவரை முனகியது வேறு கதை.)

குட்டை எங்கே ஒளிந்திருந்தது? ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணத்துக்கான மரபணு இரண்டு பிரதி, தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று. நெல்லின் தண்டை நீளவைப்பது ஜிப்ரலின் என்ற ஹார்மோன். அதைச் செய்ய உதவும் மரபணு குட்டை ரகத்தில் பழுது என்று 2002-ல் கண்டுபிடித்தார்கள். நம் வயலுக்கு இரண்டு மோட்டார் என்று வைத்துக்கொள். ஒன்று எரிந்துபோனாலும் இன்னொன்று ஓடினால் தண்ணீர் பாய்ந்துவிடும். இரண்டும் நின்றால்தான் வரப்போரம் வெடிக்கும். முதல் தலைமுறைக்கு ஒரு மோட்டார் ஓடியது, ஆகவே நெட்டை. இரண்டு பழுதும் ஒரே விதையில் சேரும்போது குட்டை. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிவது ஓங்கு, இரண்டும் சேர்ந்தால்தான் தெரிவது ஒடுங்கு. மெண்டல் பாதிரியார் ப்ர்னோ நகர மடத்துத் தோட்டத்தில் எண்ணிய பட்டாணியிலும் இதே ஹார்மோன் சங்கதிதான்: நெட்டை 787, குட்டை 277.

எல்லாக் குணத்துக்கும் ஒரு மோட்டார் போதாது. கிணற்றடி அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் ரோஸ் நிறம் வரும். அங்கே ஓங்குவதும் இல்லை, ஒடுங்குவதும் இல்லை.

விதைப் பண்ணைக்குக் கலவன் (வேற்று ரகச் செடி) எடுக்கும்போது இதை வருஷா வருஷம் கண்ணால் பார்க்கிறேன். குட்டைப் பயிருக்கு நடுவில் தலைக்கு மேல் ஒரு கதிர் ஆடினால் ஆள் உடனே பிடுங்கிவிடுவான். அதை விட்டுவிட்டால்தான் ஆபத்து. அது குட்டையும் நெட்டையும் கலந்து பிறந்ததாக இருந்தால், அதன் விதையில் நாலில் ஒன்று நம் பயிர் உயரத்துக்கே நிற்கும், உள்ளே மற்ற குணமெல்லாம் கலந்திருக்கும், சான்றளிக்க வருகிறவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.

இனி உன் தக்காளி. கொடியாக ஏறுவது ஓங்கு, புதராக நிற்பது ஒடுங்கு. நீ வாங்கிய ஒட்டு இரண்டையும் சுமந்திருக்கிறது. எட்டில் இரண்டு என்று கணக்கு அச்சாக வந்தது அதிர்ஷ்டம்தான். நேற்று உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன், எட்டுச் செடி வைத்தால் பத்தில் ஒரு தடவை ஒரு புதர்கூட வராமலே போகும். ஏறுகிற ஆறிலும் உத்தேசமாக நாலு, புதர்க் குணத்தை உள்ளே வைத்திருக்கும். எது என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதன் விதையைப் போட்டு வளர்த்தால்தான் தெரியும்.

உன் மாடிக்குப் புதர்தான் தோது, காற்றுக்கு முறியாது. அந்த இரண்டிலும் சிவப்பு நூல் கட்டி வை. பழம் செடியிலேயே நன்றாகக் கனியட்டும். விதையைக் கொழகொழப்போடு ஒரு டம்ளரில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, கழுவி நிழலில் உலர்த்து. அவற்றின் பிள்ளைகள் புதராகத்தான் நிற்கும். பழத்தின் வடிவமும் ருசியும் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆளுக்கொரு விதமாக வரும், சலிக்காமல் பிடித்ததில் மட்டும் விதை எடு. தையில் வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவா. கொல்லையில் தென்னைக்குத் தெற்கே இடம் கொத்தி வைக்கிறேன்.

அம்மா வடகம் பிழிந்து காயவைத்திருக்கிறாள், அடுத்த வாரம் அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா