நம் சீகோங் பயிற்சிக் குழு: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டு நான் அறிக்கை வாசித்தபோது பின்வரிசையில் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கச்சாங் பூத்தேக்குப் பேர்போன ஈப்போ புந்தோங்கில் இருந்துகொண்டு அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் இந்த முறை கொஞ்சம் காது கொடுங்கள். கடைசியில் இரண்டு தீர்மானங்களுக்கு நீங்கள் கை தூக்க வேண்டும். கை தூக்குவது நமக்குப் பழகியதுதான். சீகோங் என்பது மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சி, அதில் நாம் செய்யும் எட்டு அசைவுத் தொகுப்பான பாதுவான்ஜினின் முதல் அசைவே அதுதானே.

ஆண்டு முடிவில் உறுப்பினர்கள் 46 பேர். முந்தைய ஆண்டு 41. தமிழர்கள் 27, சீனர்கள் 17, மலாய்க்காரர்கள் இருவர். வயதைக் கேட்டால் பாதிப்பேர் பொய் சொல்கிறார்கள் என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிடுகிறேன்.

வகுப்புகள் வழக்கம்போல் திங்கள், புதன், சனி காலை 7 மணிக்கு, கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் நடந்தன. சீனப் புத்தாண்டு சனிக்கிழமையிலும் நோன்புப் பெருநாள் புதன்கிழமையிலும் வந்ததால் அந்த இரண்டு நாளும் விடுமுறை. தைப்பூசம் வியாழனில்தான் வந்தது. ஆனால் முந்தின நாள் புதன்கிழமை திடலுக்கு வந்தது நாலே பேர், அதில் மூவர் சீனர்கள். நாலாவது ஆள் நான், சாவி என்னிடம் இருந்ததால்.

நம் பயிற்சியாளர் அம்மையாரை எல்லாரும் லாவ்ஷி (சீனத்தில் ஆசிரியர்) என்றே கூப்பிடுகிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது. மலாயும் கன்டனீசும் கலந்து சொல்லிக்கொடுக்கிறார். கன்டனீசில் 'மான் மான்' என்றால் மெதுவாக, மெதுவாக என்று பொருள். புதிதாகச் சேர்ந்த ஓர் அக்காவுக்கு இது தெரியாது. ஐந்து விலங்குகளைப் பார்த்துச் செய்யும் வூச்சின்ஷி பயிற்சியில் புலி, மான், கரடி, குரங்கு, பறவை என்று உண்டு என யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். லாவ்ஷி 'மான் மான்' என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் இவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய், விரல்களைக் கொம்பு மாதிரி விரித்துக்கொண்டு நிற்பார். மூன்று வாரம் யாருக்கும் காரணம் புரியவில்லை. தெரிந்த அன்று லாவ்ஷியே உட்கார்ந்து சிரித்தார்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். இந்த மெதுவுதான் நம் ஆட்களுக்கு வரவே மாட்டேன் என்கிறது. பாதுவான்ஜினின் எட்டு அசைவையும் ஒழுங்காகச் செய்தால் 12 நிமிடம் ஆகும். ஆரம்பத்தில் நாம் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுக் காப்பிக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வேகமாகக் கால் மாற்றினால் அந்த வேகமே உடம்பை அடுத்த காலுக்குத் தள்ளிவிடும், தசைக்கு வேலையே இல்லை. மெதுவாக மாற்றும்போதுதான் ஒரு கால் முழு எடையையும் வாங்கி, கணுக்காலும் இடுப்பும் சேர்ந்து நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. குளியலறை ஈரத்தில் வழுக்கும்போது நமக்கு வேண்டியது அந்தப் பிடிதான். வில் வளைக்கும் இரண்டாவது அசைவைத் தமிழ் உறுப்பினர்கள் 'அர்ஜுனன்' என்று பெயர் வைத்து அழைக்கிறார்கள். அதில் முழங்கால் மடக்கி நிற்பதை லாவ்ஷி இப்போது மூன்று மூச்சு வரை நீட்டிவிட்டார். முணுமுணுப்பு உண்டு, விலகியவர் யாரும் இல்லை.

'இதற்குப் பதில் யோகா செய்தால் என்ன?' என்று இந்த ஆண்டும் கேட்டார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் நம்மில் பலருக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். சீகோங்கை நின்றே செய்யலாம், முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். வேறு பெரிய தத்துவம் எதுவும் நம் குழுவில் இல்லை. இதில் சீன சாமி கும்பிட வேண்டியிருக்குமா என்று இரண்டு குடும்பங்கள் என்னிடம் தனியாக விசாரித்தன. அவர்களை ஒருநாள் வந்து பார்க்கச் சொன்னேன். இப்போது இரண்டு குடும்பமும் சந்தா கட்டுகின்றன.

அடுத்தது மே மாதம் நடந்தது. இதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். சேர்த்தே ஆகவேண்டும் என்பது என் முடிவு.

ஆறாவது அசைவில் இரண்டு கையையும் முதுகிலிருந்து கால்வரை தடவிக்கொண்டே குனிந்து, பிறகு நிமிர வேண்டும். அன்று ஓர் உறுப்பினர் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார், கண் இருட்டி அப்படியே சாய்ந்தார். பக்கத்தில் நின்றவர் பிடித்துக்கொண்டதால் தலை தரையில் படவில்லை. விசாரித்தால், காலையில் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். அந்த மாத்திரை போட்டவர்கள் தலையைத் தாழ்த்தி வேகமாக நிமிர்ந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடி குறைந்துவிடும். முப்பது வருஷம் மருத்துவமனையில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்த்தவள் நான். படுக்கையிலிருந்து எழும் நோயாளியிடம் 'முதலில் உட்காருங்கள், அப்புறம் நில்லுங்கள்' என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சேரும்போது என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.

அதற்குப் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தோம். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் முழங்கால் வரைதான் குனிய வேண்டும், தலை இதயத்துக்குக் கீழே போகக்கூடாது. குதிகாலை உயர்த்தி ஏழு முறை தரையில் தட்டும் எட்டாவது அசைவில், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தட்டாமல் மெதுவாக இறக்கினால் போதும். வகுப்புக்கு முன் எல்லாருக்கும் அரை கிளாஸ் தண்ணீர். தண்ணீர் பீப்பாயைத் தூக்கிவரும் இரண்டு தம்பிகளுக்கு நன்றி.

ஜூலையில் தொடங்கிய நாற்காலி வகுப்புதான் இந்த ஆண்டின் பெரிய வேலை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலம் குறைந்தவர்கள், முழங்கால் அறுவை முடிந்தவர்கள், பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் ஒருவர் என ஏழு பேருடன் சனிக்கிழமைகளில் நடக்கிறது. மருத்துவரோ பிசியோவோ சம்மதம் சொன்ன பிறகே சேர்க்கிறோம், பிசியோ சொல்லிக்கொடுத்த பயிற்சியை நிறுத்தக்கூடாது என்பதும் நிபந்தனை. பலம் குறைந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு 'வானத்தைத் தாங்கும்' (அதுதான் முதல் அசைவு) அந்த வகுப்பைப் பார்த்தால் புதிதாக வருபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே நடக்காது. நவம்பரில் ஒருவர் நாற்காலிக் கைப்பிடியைத் தொடாமல் எழுந்து நின்றார். அவர் மனைவி கூடைப்பந்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குச் சீகோங் பாதி, பிசியோ பாதி, அந்த அக்காவின் பிடிவாதம் மீதி என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். கூட்டினால் ஒன்றுக்கு மேல் வருகிறது என்று பொருளாளர் சொல்லுகிறார். வரட்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. தைச்சி என்னும் மெதுவான சீன அசைவுப் பயிற்சி செய்தவர்களுக்கு உடல் சமநிலை மற்ற இரு குழுவையும்விட மேம்பட்டது. வெறும் தசை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இவர்கள் கீழே விழுந்ததும் குறைவு. பாஸ்டனில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேரிடம் நடத்திய ஆய்வு 2016இல் வந்தது. அதில் தைச்சியும் பிசியோ சிகிச்சையும் வலியைக் குறைப்பதில் ஏறக்குறைய சமமாக நின்றன. கவனியுங்கள், இரண்டுமே தைச்சி பற்றியவை. ஆராய்ச்சி அதிகம் நடந்திருப்பது அதில்தான், பாதுவான்ஜினில் குறைவு. அதனால்தான் ஆகஸ்டு முதல் புதன்கிழமை வகுப்பில் எளிய தைச்சி அசைவுகள் சிலவற்றையும் லாவ்ஷி சேர்த்தார். அதிலும் மான் மான்தான்.

இனி செப்டம்பர் விவகாரம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள நம் உறுப்பினர் ஒருவர் கைப்பேசியில் வந்த ஒரு வீடியோவை நம்பி, சீகோங் செய்தால் மருந்து வேண்டாம் என்று மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டார். சர்க்கரை 19 mmol/Lக்கு (mg/dL கணக்கில் சுமார் 340) ஏறி மருத்துவமனையில் படுத்தார். இப்போது நலம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், இதைச் சொல்ல அவரே அனுமதி கொடுத்தார்.

இந்த ஆசை புதிதல்ல என்று அக்டோபர் மாதச் சந்திப்பில் பேசினோம். மூச்சுப் பயிற்சிகள் சீனாவில் மிகப் பழையவைதான், ஆனால் அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக 'சீகோங்' என்ற பெயர் பரவியது 1950களில். லியு குய்ஜென் என்பவர் தன் வயிற்றுப்புண் இப்படிப்பட்ட பயிற்சியால் குணமானதும் அதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். தாங்ஷானிலும் பிறகு பெய்தாய்ஹேயிலும் சீகோங் சிகிச்சைக்கென்றே நிலையங்கள் நடந்தன. 1980களில் அது பெரிய மோகமாக மாறியது. தொடாமலே நோய் தீர்ப்பேன், காகிதத்தில் எழுதியதைக் காதால் படிப்பேன் என்றெல்லாம் கிளம்பினார்கள், அரங்கம் அரங்கமாகக் கூட்டம் சேர்ந்தது. கடைசியில் சீன அரசின் விளையாட்டுத் துறை 2003இல் நான்கு பயிற்சிகளை வரையறுத்து வெளியிட்டது: யீஜின்ஜிங், வூச்சின்ஷி, லியூஸ்ஜுவே, பாதுவான்ஜின். நாம் செய்வது அந்த வடிவம்தான். மோகத்தின் தலைமுறையைக் கண்ணால் பார்த்தவர் லாவ்ஷி. யாராவது 'கையில் சூடு ஏறுகிறது, சக்தி வந்துவிட்டதா?' என்று கேட்டால், 'ரத்தம் ஓடுகிறது, நல்லது' என்று சொல்லி நகர்ந்துவிடுவார். அவரை நான் மதிக்கிறேன் என்றால் இதற்காகத்தான்.

அதே சந்திப்பில் மாவாங்துவேய் படத்தையும் காட்டினோம். ஹூனான் மாநிலம் சாங்ஷா நகரத்தில் கி.மு. 168இல் மூடிய கல்லறை ஒன்றைத் தோண்டியபோது, 1973இல் ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. அதில் 44 உருவங்கள், ஆணும் பெண்ணும், உடுத்தியவர்களும் வெற்றுடம்பினரும், ஆளுக்கொரு பயிற்சி செய்கிறார்கள். ஓர் உருவத்தின் பக்கத்தில் முழங்கால் வலிக்கு என்று எழுதியிருக்கிறது. அதைக் கேட்டதும் முன்வரிசை முழுக்கத் தன் முழங்காலைத் தடவியது.

ஏப்ரல் 27, உலகத் தைச்சி சீகோங் நாள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை கொண்டாடுகிறார்கள். நாம் 22 பேர் சீனிவாசகம் பூங்காவுக்குப் போய்ப் புல்தரையில் செய்தோம். வேனுக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்காக 40 நிமிடம் காத்திருந்தோம், அதற்குள் வெயில் ஏறிவிட்டது. மான் மான் என்பது வேன் ஏறுவதற்குப் பொருந்தாது.

ஒலிபெருக்கிச் சத்தம் பற்றித் திடலுக்கு எதிர்வீட்டிலிருந்து இரண்டு முறை புகார் வந்தது, நியாயமான புகார். ஜூன் முதல் இசையைப் பாதியாகக் குறைத்து, லாவ்ஷி வாயாலேயே எண்ணுகிறார். புகார் கொடுத்த ஐயாவின் துணைவியார் இப்போது நம்மோடு மூன்றாவது வரிசையில் நிற்கிறார். ஐயா இன்னும் பலகணியிலிருந்துதான் பார்க்கிறார்.

தீபாவளிக்கு லாவ்ஷிக்கு முறுக்கும் சேலையும் கொடுத்தோம். சேலையைக் கட்டிக்கொண்டு வந்து வில் வளைத்துக் காட்டினார். படம் கேட்பவர்கள் துணைச் செயலாளரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்) என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். யார் யார் பாக்கி என்று பெயர் வாசிக்கச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். பட்டியல் தண்ணீர் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இனி தீர்மானங்கள். முதலாவது: உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் சாப்பிடும் மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். நம் குழுவின் பெயரில் யாரும் நோய் குணமாகும் என்று விளம்பரமோ வீடியோவோ பரப்பக்கூடாது, பரப்பினால் மூன்று மாத இடைநீக்கம். இரண்டாவது: நாற்காலி வகுப்புக்குக் கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலிகள் பத்து வாங்க வேண்டும். இப்போது கல்யாண மண்டபத்திலிருந்து இரவல் வாங்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டுக்குக் கால் வளைந்துவிட்டது.

அப்புறம், திடல் சாவி. ஆறு வருஷமாக என் கைப்பையில் இருக்கிறது. காலை 6.30க்கு எழுந்திருக்கும் யாராவது ஒருவர் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்