மிச்சத் தோட்டாவைத் திருப்பிக் கொடுக்க வழி செய்யுங்கள்

ஆசிரியருக்கு, ராணுவத்தின் வெடிமருந்துக் கையிருப்பு பற்றிய உங்கள் தலையங்கம் படித்தேன். 152 வகை வெடிமருந்துகளில் 40 விழுக்காடு, 10 நாள் போருக்குக்கூடத் தாங்காது என்று 2017-இல் தணிக்கைத் துறை சொன்னதை நினைவூட்டியிருந்தீர்கள். சரி, உற்பத்தியைக் கூட்டட்டும், ஆனால் பயிற்சி மைதானத்தில் வீணாவதையும் யாராவது பார்க்க வேண்டாமா?

தரைப்படையில் சிப்பாயாக இருந்தவன் நான். சுடும் பயிற்சி முடிகிற மாலையில் பெட்டியில் மிஞ்சும் தோட்டாக்களைத் திருப்பி ஒப்படைத்தால் மறுபடி எண்ணி, பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும், அப்புறம் மிச்சம் காட்டினால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அதனால் இலக்கு அட்டையைக் கழற்றிய பிறகும் வெறும் மண்மேட்டில் சுட்டுத் தீர்ப்பார்கள், சுட்டு விழுந்த பித்தளைக் கூடுகளை மட்டும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எண்ணி ஒப்படைப்பார்கள். யாரும் எதையும் கற்றுக்கொள்ளாத சுடுதல் அது, மனம் கொதிக்கும்.

மீதத் தோட்டாவை ஒரே கையெழுத்தில் மைதானத்திலேயே திருப்பி வாங்கிக்கொண்டு, அதை அந்தப் பிரிவின் கணக்கிலேயே வரவு வைத்து, குறி தவறும் வீரர்களின் கூடுதல் பயிற்சிக்குக் கொடுங்கள். இதற்குப் புதிதாக நிதி எதுவும் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

— முன்னாள் ராணுவ வீரர், வேலூர்