பதினெட்டு முடிந்த பிள்ளைக்குக் கையெழுத்து யார்?

ஐயா,

மாற்றுத்திறனாளிகளுக்காகவே வழக்காடும் வக்கீல்களைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதுவதில்லை. இங்கே டெல்லியில், பார்வையற்ற மூத்த வழக்கறிஞர் எஸ்.கே. ருங்டா போன்றவர்கள் வாதாடித்தான் 2013-இல் அரசுவேலை ஒதுக்கீட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்த ஒதுக்கீட்டை 4 சதவீதமாக்கியது. சரி, அதெல்லாம் பெரிய வழக்கு.

குடும்பங்கள் தடுக்கி விழுவது சின்ன விஷயத்தில். மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆட்டிசம். 18 வயது முடிந்ததும் அவன் கணக்கில் அம்மா போட்ட கையெழுத்தை வங்கி ஏற்கவில்லை. அவனுக்காகச் சட்டப்படி கையெழுத்திடும் உரிமை உள்ளவர் என்பதற்கான காப்பாளர் சான்றிதழ் கேட்டார்கள். கோர்ட், கேஸ் என்று அந்த அம்மா அரண்டுபோனார். தெரிந்த தமிழ் வக்கீல் ஒருவர்தான், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட மாஜிஸ்திரேட் இடம்பெறும் உள்ளூர்க் குழுவே காப்பாளரை நியமிக்கலாம் என்று சொல்லி, விண்ணப்பத்தை இந்தியில் நிரப்பியும் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை.

இதைச் சொல்ல வக்கீல் எதற்கு? பிள்ளைக்கு 17 வயதாகும்போதே சிறப்புப் பள்ளிகள் பெற்றோரிடம் சொல்லிவிடலாமே. தமிழ்ச் சங்கங்களும் மாதம் ஒருநாள் இலவசச் சட்ட ஆலோசனைக்கு இடம் தரலாம்.

– ஒரு வாசகர், மயூர் விஹார், டெல்லி