செருபாபேலும் சொரொபாபேலும் ஒருவரே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் உள்ள இயேசுவின் வம்ச வரலாறு இதழ்களில் அட்டவணையாக வருவதுண்டு. அதில் வரும் ஒருவரின் பெயர் பழைய ஏற்பாட்டின் ஆகாய் புத்தகத்தில் 'செருபாபேல்', மத்தேயுவில் 'சொரொபாபேல்' என்றிருப்பது அச்சுப்பிழையா, ஆள் வேறா என்று கேட்கிறார்கள். இரண்டுமில்லை. முதல் வடிவம் எபிரெயத்திலிருந்து நேராக வந்தது. மற்றது, மத்தேயு எழுதப்பட்ட கிரேக்கம் வழியாகச் சுற்றி வந்தது. பழைய ஏற்பாட்டின் எஸ்ரோன், ராம் இருவரும் மத்தேயுவில் எஸ்ரோம், ஆராம் ஆனதும் இவ்வாறே.

கிரேக்கத்தில் 'ஷ' ஒலிக்கு எழுத்தில்லை. 'ஸ' போட்டு ஒப்பேற்றினார்கள். தொண்டையில் பிறக்கும் எபிரெய ஒலிகள் இன்னும் பெரிய சிக்கல். 'ஹேத்' எழுத்து நகசோன் பெயரில் அடியோடு உதிர்ந்து 'நாஸ்ஸோன்' ஆயிற்று. நாகோரில் 'க'வாகத் தங்கியது. 'அயின்' எழுத்து பழங்காலத்தில் இரண்டு ஒலிகளைச் சுமந்தது. அவற்றில் ஒன்று கிரேக்கத்தில் 'க' ஆயிற்று. அதனால்தான் எபிரெயர் 'அஸ்ஸா' என்ற ஊர் கிரேக்கத்தில் 'காஸா'. லூக்காவில் ரெகூவின் பெயர் 'ராகவ்'. மறைந்துபோன உச்சரிப்புக்கு இவை சாட்சி. பிழை என்று தள்ளிவிடக் கூடாது.

உயிரெழுத்தில் முடியும் ஆண்பெயர்கள் பலவற்றுக்கு 'ஸ்' சேர்த்தார்கள்: உசியா 'ஓசியாஸ்', எசேக்கியா 'எசெகியாஸ்'. அப்போதுதான் வேற்றுமை உருபு ஏற்கும். ஆபிரகாம், ஈசாக்கு, தாவீது போன்ற பெயர்கள் உருபு ஏற்காமலே நின்றன. பெற்றவர் யார், பிறந்தவர் யார் என்பதை 'தொன்' என்ற முன்னொட்டுச் சொல்தான் காட்டுகிறது. 'ஈசாக்கைப் பெற்றான்' என்பதில் நம் 'ஐ' செய்கிற வேலை அது.

எல்லா வேறுபாட்டையும் ஒலியின் தலையில் கட்டவும் முடியாது. மத்தேயுவின் 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளான சீனாய், வத்திக்கான் படிகளில் ஆசா 'ஆசாப்' என்றும், ஆமோன் 'ஆமோஸ்' என்றும் உள்ளன. தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல் (மொழிபெயர்ப்பு) பின்வந்த படிகளின் வடிவங்களையே கொண்டது. யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று ராஜாக்கள் விடுபட்டதும் ஒலிச்சிக்கல் அல்ல. அவர்களைச் சேர்த்தால் மத்தேயு சொல்லும் 14 தலைமுறைக் கணக்கு இடிக்கும். எபிரெயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்மதிப்பு உண்டு; தாவீது என்ற பெயரின் எழுத்துகளை அப்படிக் கூட்டினால் 4+6+4=14 என்பதைப் பலர் இதோடு இணைக்கிறார்கள். கிரேக்க எழுத்துகளில் அதே பெயர் 419 ஆகிவிடும்!

லூக்கா 3:36இல் வரும் காயினான் இன்னொரு வகை. அர்ப்பகசாத்துக்கும் சாலாவுக்கும் இடையே இவர் கிரேக்க ஆதியாகமத்தில் உண்டு, எபிரெய மூலத்தில் இல்லை.

எனவே அட்டவணை வெளியிடும்போது மத்தேயுவின் வடிவத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பழைய ஏற்பாட்டு வடிவத்தையும் தாருங்கள். லூக்காவின் பட்டியலை வெளியிட்டால் காயினானுக்கு அடைப்புக்குறி போதாது. ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை