நுவரெலியாத் தொட்டிக்கு ஹட்டனிலிருந்து

அன்பின் ராஜு,

கடிதம் கிடைத்தது. சின்னவள் சாதாரண தரப் பரீட்சையை நன்றாக எழுதினாள் என்று அறிந்து சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை, உடுப்பெல்லாம் அடுப்புக்கு மேல் கொடியில்தான் காய்கிறது.

சரி, உன் புது மீன் தொட்டிக்கு வருவோம். மீன் கழிவில் வரும் அமோனியா நஞ்சு. அதை நைத்திரைற்றாகவும், பிறகு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாவை முதலில் தொட்டியில் வளர்க்க வேண்டும். அதற்குத் தீனியான அமோனியாவை எதிலிருந்து கொடுப்பது என்பதுதான் உன் கேள்வி. கடைக்காரர் சொன்னாரென்று விலை குறைந்த மீன் இரண்டை விட்டுத் தொடங்காதே. அதுகளின் கழிவிலிருந்து அமோனியா வரும், உண்மைதான். ஆனால் பக்டீரியா பெருகும்வரை அந்த நஞ்சுக்குள்ளேயே அதுகள் கிடந்து தவிக்க வேண்டும். அமோனியாவை நாமே போட்டால் ஓர் உயிரும் வதைபடாது.

தோட்டத்து ஸ்டோரில் யூரியா கிடைக்கும், போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். யூரியாவை வேறு நுண்ணுயிர்கள் முதலில் உடைத்தால்தான் அமோனியா வரும். அதுவரை அமோனியா சோதனைக் குழாய், அமோனியா இல்லையென்று மஞ்சளாகவே நிற்கும். பச்சை வரவில்லையே என்று நீ இன்னொரு சிட்டிகை போடுவாய் (உன் அவசரம் எனக்குத் தெரியாதா!). பிறகு எல்லாம் சேர்ந்து உடைந்து அமோனியா எகிறிவிடும். லீற்றருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் நமக்கு வேண்டிய பக்டீரியாவே மந்தமாகிவிடும். கலவை உரமென்றால் இன்னும் மோசம், அதிலுள்ள பொஸ்பேற்று பாசிக்குத்தான் விருந்து.

இறால் துண்டைத் துணியில் கட்டித் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் துண்டைச் சுற்றி வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, தண்ணீர் கலங்கி, வீட்டு முன்னறையே நாறும். மீனுணவு போட்டால் நாற்றம் கொஞ்சம் குறைவு. இரண்டிலும் எவ்வளவு அமோனியா வந்ததென்ற கணக்கு கைக்குள் நிற்காது. கூனி போடலாமா என்று வீட்டில் கேட்டார்களாம். அதைச் சம்பலுக்கே வைக்கச் சொல்.

நான் சொல்வது அமோனியம் குளோரைட்டு, நம் நவச்சாரம்தான். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் வாங்காதே, அதில் என்னென்ன கலந்திருக்குமோ. ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்கு. ஒரு லீற்றர் போத்தல் தண்ணீரில் 30 கிராம் கரைத்து வை. உன் இரண்டடித் தொட்டியில் ஏறத்தாழ 50 லீற்றர் பிடிக்கும். அதற்கு 10 மில்லிலீற்றர் விட்டால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் அமோனியா நிற்கும். அது இறங்கியதும் மறுபடி விடு. இடையில் நைத்திரைற்று ஏறும், அதன் சோதனைக் குழாய் ஊதாவாகும், பயப்படாதே. ஊற்றிய அமோனியா 24 மணித்தியாலத்துக்குள் பூச்சியமாகி, நைத்திரைற்றும் பூச்சியமானால் தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைத்திரேற்று போக, தண்ணீரைப் பெருமளவு மாற்றிவிட்டு மீனை விடு.

ஆனால் எதைப் போடுகிறாய் என்பதைவிட உன் ஊர்க் குளிர்தான் பெரிய பிரச்சினை. இந்தப் பக்டீரியாவுக்கு 25 முதல் 30 பாகை வேண்டும். நுவரெலியாவின் சராசரியே 16 பாகையளவுதான், இரவைச் சொல்லவே வேண்டாம். ஹீற்றர் போட்டு 28இல் வை. எயார் பம்ப்பை இரவிலும் நிறுத்தாதே, பக்டீரியாவுக்கு ஒட்சிசன் வேண்டும். அப்புறம் உன் பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வருவது). குளோரின் இல்லாதது உன் அதிர்ஷ்டம். ஆனால் மலைத் தண்ணீர் மிக மென்மையானது. பக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்து, பிஎச் (அமிலத்தைக் காட்டும் அளவு) 6க்குக் கீழே போனால் எல்லாம் அப்படியே நின்றுவிடும். ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து விடு, அது பிஎச் இறங்காமல் தாங்கிக்கொள்ளும். பலர் அமோனியாவை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்களே தவிர, இதைப் பார்ப்பதில்லை.

என் பழைய தொட்டியின் பில்டர் ஸ்பொஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன். அதில் பக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிறது, அதைப் போட்டால் கிழமைக்கணக்கில் காத்திருக்கும் வேலை குறையும். ஹட்டனுக்கு வரும்போது மூடியுள்ள வாளி ஒன்று கொண்டுவா. தொட்டித் தண்ணீரிலேயே ஊறவைத்துக் கொண்டுபோக வேண்டும், காய்ந்தால் பயனில்லை. வருகிற நாளை முன்கூட்டியே சொல், அன்று கடையைச் சீக்கிரம் அடைக்கிறேன்.

அன்புடன்,
சிவா